80ஆம் எண் உப்புத்தாள்

ரயிலில் சென்னைக்கு வந்த எல்லோரும் பேசின் பிரிட்ஜைப் பார்த்திருக்கிறார்கள். சென்ட்ரலில் நடைமேடை காலியில்லை என்றால் வண்டி அங்கேதான் நிற்கும். பெட்டி படுக்கைகளை வாசலருகே நகர்த்தி வைத்துக்கொண்டு, கறுத்த கால்வாயையும் மின்நிலையத்தையும் தண்டவாளத்தோரத்துக் கூரைகளையும் பார்த்தபடி பத்து நிமிடமோ அரை மணியோ நிற்பார்கள். ஓர் ஊரைப் பற்றி அபிப்பிராயம் கொள்ள அந்த நேரம் போதும். நான் அங்கே பிறந்தவன். ஊர் எது என்று கேட்டால் வெகுகாலம் ‘சென்ட்ரல் பக்கம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன்.

பெயரில் உள்ள பேசின் கை கழுவுகிற தொட்டி அல்ல. படகுகள் ஒதுங்கிச் சரக்கு இறக்குவதற்காகக் கால்வாயை அகலப்படுத்தி அமைத்த துறை. பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வணிகர் 1806வாக்கில் எண்ணூர் வரை வெட்டி முடித்த கால்வாய், 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக மேலும் வெட்டப்பட்டு அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரைப் பெற்றது. வடக்கிலிருந்து உப்பும் விறகும் படகில் வந்தன. உப்பு இறங்கிய இடத்துக்கு இன்றும் சால்ட் கோட்டர்ஸ் என்றே பெயர். 1965, 1966 புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து நொடித்துப்போனது. கடைசிப் படகுகளை என்னை இடுப்பில் வைத்துக் காட்டியதாக அம்மா சொல்வாள். எனக்கு ஞாபகம் இல்லை.

அப்பா 1958இல் பெரம்பூர் கேரேஜ் பட்டறையில் தச்சராகச் சேர்ந்தார். சேர்ந்த காலமே சரியில்லை என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான், 1955 அக்டோபர் 2ஆம் தேதி, கூப்பிடு தூரத்தில் ஐ.சி.எஃப். தொழிற்சாலையை நேரு திறந்துவைத்திருந்தார். சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பில் முழுக்க எஃகினாலான ரயில் பெட்டிகள். மரப்பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டன. தான் செப்பனிட்ட பெட்டிகளே ஏலத்தில் பலகை பலகையாகப் போவதை அப்பா பார்த்தார். அந்தத் தேக்கில் கொஞ்சம் எங்கள் வீட்டுக்கும் வந்து, கட்டிலாகவும் அலமாரியாகவும் ஆனது. மாலை வேளைகளில் மூர் மார்க்கெட் வியாபாரிகளுக்காக உடைந்த நாற்காலிகளைச் சரிசெய்து கொடுப்பார். 1985 மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. சில நாள் கழித்து அங்கே போனவர், கரிந்த மேசைக்கால் ஒன்றோடு திரும்பிவந்தார். திண்ணையில் உட்கார்ந்து உளியால் கரியைச் சுரண்டினார். இரண்டு நூல் ஆழம்தான் வெந்திருந்தது. உள்ளே மரம் மஞ்சளாக, புதிதாக இருந்தது. அதை என் மூக்கருகே நீட்டினார். பழைய தோல்பையின் வாசனை.

1996இல் அவர் காலமானபின் நான் அண்ணாநகர் பக்கம் வாடகை வீட்டுக்குப் போனேன். கட்டில் மாடிப்படியில் ஏறவில்லை. இழைப்புளி, உளிகள், கட்டில் எல்லாவற்றையும் காயலான் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். கட்டிலைத் தட்டிப் பார்த்தவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பொருள் விளங்க எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது வடசென்னையின் தாழ்ந்த பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. வடிந்தபின் உறவினர் ஒருவரைப் பார்க்கப் பேசின் பிரிட்ஜுக்குப் போனேன். தெருவின் இருபுறமும் வீட்டுச் சாமான்கள் கிடந்தன. மெத்தைகள், சோபாக்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மரத்தூள் பலகையில் செய்த அலமாரிகள். மரத்தூளைப் பசைபோட்டு அழுத்திச் செய்யும் பலகை அது. மேலே ஒட்டிய படலம் பார்க்கத் தேக்கு போலவே இருக்கும். தண்ணீர் பட்டால் ரொட்டி போல ஊதிவிடும், பிறகு எந்தத் தச்சனாலும் ஒன்றும் செய்ய முடியாது. தவணை முடியாத அலமாரிகள் சில அந்தக் குவியலில் இருந்ததாக உறவினர் சொன்னார். அவற்றுக்கு நடுவே, சேறு பூசிக்கொண்டு, ஆனால் மூட்டு விடாமல், ஒரு பழைய தேக்கு நாற்காலி நின்றது. யாரோ அதையும் சேர்த்து எறிந்திருந்தார்கள்.

கல்லூரியில் பேராசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னது என் தவறு. அவர் நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பாளர். இரண்டு வாரத்தில் முப்பது மாணவர்களோடு ஒரு திட்டம் தயாராகிவிட்டது. ஒரு குழு வெள்ளத்தில் நனைந்த மரச்சாமான்களைச் சேகரித்துச் சரிசெய்யும். இன்னொரு குழு கால்வாயோரத்து அடுக்ககத்தில் தரைத்தள வீடு ஒன்றை, அந்தச் சாமான்களை மட்டும் வைத்து, ‘சூழலுக்கு உகந்த மாதிரி வீடு’ ஆக அலங்கரிக்கும். கல்லூரிகளுக்கு இடையிலான ஒரு போட்டிக்கு நடுவர்கள் வந்து பார்ப்பார்கள்.

விற்கப்போகும் வீட்டை வாங்க வருபவர் கண்ணுக்காக அலங்கரித்து வைப்பது அமெரிக்காவில் 1970களிலிருந்து தனித்தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. மாணவர்கள் சூழல் நோக்கோடு வீடு கட்டி, தளவாடமும் இட்டு, பொதுமக்களுக்குத் திறந்துகாட்டும் சோலார் டெக்கத்லான் போட்டி அங்கே 2002இல் முதன்முதலாக நடந்தது. 2020இல் இந்தியாவிலும் அதே பெயரில் ஒன்று தொடங்கப்பட்டது. எங்கள் மாணவர்கள் இதையெல்லாம் அறிந்துவைத்திருந்தார்கள். எனக்கு உப்புத்தாளின் எண்கள்தான் தெரியும். என்னை ‘ஆலோசகர்’ என்று போட்டுக்கொண்டார்கள்.

முதல் நாளே எல்லாவற்றையும் மொட்டைமாடி வெயிலில் பரப்பிவிட்டார்கள். பதறிப்போய் இறக்கச் சொன்னேன். நனைந்த மரத்தை வெயிலில் வைத்தால் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், பலகை கோணும் அல்லது பிளக்கும். சோப்புத்தண்ணீரில் சேற்றைக் கழுவி, நிழலில், காற்றோட்டமாக, அடியில் செங்கல் கொடுத்து வாரக்கணக்கில் காயவிட வேண்டும். போட்டிக்குத் தேதி குறித்தாகிவிட்டதே என்றாள் அணித்தலைவியான மாணவி. மரத்துக்குத் தெரியாதே என்றேன். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மூட்டுகளைத் தட்டிக் கழற்றியபோது பையன்கள் வியந்துபோனார்கள். பழைய நாற்காலியில் ஓர் இரும்பாணி கிடையாது. துளையில் கழுந்து நுழைந்து, குறுக்கே மூங்கில் ஆணி இறங்கியிருக்கும். மூங்கில் ஆணியைப் பின்னாலிருந்து தட்டினால் வந்துவிடும், மீண்டும் பூட்டலாம். கழற்றுவதற்கும் வழிவைத்துச் செய்திருக்கிறார்கள் என்று ஒரு மாணவன் சொன்னான். அப்பா இருந்திருந்தால் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

அந்தத் தெருக் குவியல் நாற்காலியின் பிரம்பு இருக்கை அழுகிப்போயிருந்தது. பின்னத் தெரிந்தவர் யாரும் அகப்படவில்லை. நைலான் பட்டையைப் போட்டு முடித்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தோம். அப்போதுதான் அரசு அலுவலகம் ஒன்றில் நாற்காலி பின்னுபவராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை வியாசர்பாடியிலிருந்து அழைத்துவந்தார்கள். பார்வையற்றவர். நம் நாட்டில் நாற்காலி பின்னுவது நெடுங்காலம் பார்வையற்றவர்களுக்கென்று கற்றுக்கொடுக்கப்பட்ட தொழில். அரசு அலுவலகங்களில் அதற்கென்றே பணியிடங்கள் இருந்தன. பிரம்பு நாற்காலிகள் போய் நுரைமெத்தை நாற்காலிகள் வந்தபோது எத்தனை பேருடைய விரல்களுக்கு வேலை போயிற்று என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

அவர் நாற்காலியைத் தரையில் வைத்து லேசாக அசைத்தார். “பின்னங்கால் ஒண்ணு கட்டை. முதல்ல அதைப் பாருங்க” என்றார். மூன்று நாளாக அதை நிமிர்த்தியும் கவிழ்த்தும் பார்த்த எங்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. பிரம்பைத் தண்ணீரில் ஊறவைத்து, நெடுக்கில், குறுக்கில், பிறகு மறுபடியும் இரண்டு, அப்புறம் மூலைவாட்டில் இரு பக்கமும் என்று ஆறு ஓட்டம். கடைசி ஓட்டம் முடிகிறபோது சின்னச் சின்ன எண்கோணக் கண்கள் திறந்துகொள்ளும். அணித்தலைவி கண்ணை மூடிக்கொண்டு அவரருகே உட்கார்ந்து பின்னிப் பார்த்தாள். அவள் செய்த வரிசையை விரலால் தடவிவிட்டு, “கண்ணைத் திறந்துக்கம்மா, உனக்கு இருக்கில்ல” என்றார் பெரியவர்.

இனி அந்தப் பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். வராமல் இருக்கமுடிந்தால் நல்லது.

மாதிரி வீட்டுக்காகத் தன் வீட்டைத் தரச் சம்மதித்தது, காலையில் இட்லி சுட்டு விற்கும் ஓர் அம்மாள். அறுபத்தைந்துக்கு மேல் வயது. பர்மாவிலிருந்து வந்த குடும்பம். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளையும் வணிகத்தையும் அரசுடைமையாக்கினார். பெரிய நோட்டுகள் செல்லாது என்றும் அறிவித்தார். தலைமுறைகளாக அங்கே பிழைத்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பல் ஏறினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களில் பலர் வியாசர்பாடியில் அன்றைய முதல்வர் பக்தவத்சலத்தின் பெயரால் அமைந்த பி.வி. காலனியில் குடியேற்றப்பட்டார்கள். அந்த அம்மாள் அப்போது எட்டு வயதுப் பெண். அவர்கள் கொண்டுவந்தவற்றில் மிஞ்சியது ஒரு தேக்குப் பெட்டி. திருமணமாகிப் பேசின் பிரிட்ஜுக்கு வந்தபோது அதுவே சீராக வந்தது. அரிசி கொட்டி வைத்திருந்தார். நான்கு நாள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தும் ஒரு பலகை கோணவில்லை.

“இதையும் பாலீஸ் போட்டுக் குடுங்க” என்று அவரே கொடுத்தார். ஒரு பையன் அதை எடை போட்டான். முப்பது கிலோ. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கரி. அப்படியானால் இந்தப் பெட்டி ஐம்பத்தைந்து கிலோ கரியமில வாயுவைக் காற்றில் விடாமல் பிடித்துவைத்திருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சுவரொட்டியில் எழுதினான். கணக்கு சரிதான்.

பெட்டி முழுக்க அடுப்புக்கரி, எண்ணெய்ப் பிசுக்கு, சேறு. மூடியில் திட்டுத்திட்டாக வெள்ளை. வெள்ளையடிக்கும்போது சிந்திய சுண்ணாம்பு என்று நினைத்தேன். பையன், “சார், இது எழுத்து மாதிரி இருக்கே” என்றான். இந்த வாக்கியம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் கண்ணாடியை எடுத்துவரவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, “சுண்ணாம்புதான்ப்பா. 80 நம்பர்ல ஆரம்பி, அப்புறம் 120, 220” என்றேன். 80 என்பது முரட்டுத் தாள். கால் மணி நேரத்தில் மூடி பொன்னிறமாக வந்துவிட்டது. எல்லோரும் கூடி நின்று பார்த்தோம். பட்டறை முழுக்க அந்தத் தோல்பை வாசனை. அப்பா திரும்பி வந்ததுபோல் இருந்தது என்று நண்பரிடம் சொன்னேன்.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் வட்டம் வட்டமாகத் தேய்த்து எட்டுப் பூச்சுப் பூசினோம். முகம் தெரிந்தது.

மறுநாள் அந்த அம்மாள் வந்தார். பெட்டியைச் சுற்றி நடந்தார். மூடியைத் தடவினார். மீண்டும் தடவினார். “அப்பா பேரு எங்க கண்ணு?” என்று பையனைக் கேட்டார். கப்பலில் ஏற்றுவதற்காக அவருடைய அப்பா வெள்ளை வண்ணத்தில் தன் பெயரையும், ஊர்ப்பெயரையும், ஓர் எண்ணையும் எழுதியிருந்தாராம். அவருக்குப் படம் கிடையாது. கையெழுத்தாக மிஞ்சியது அதுதான். அந்த அம்மாளுக்கு எழுதப்படிக்கத் தெரியாது. ஆனால் மூடியைத் துடைக்கும்போது எழுத்தின்மேல் துணி படாமல் சுற்றித் துடைக்க அவருடைய அம்மா பழக்கியிருக்கிறார்.

பையன் என்னைப் பார்த்தான். நான் சொல்லித்தான் செய்தேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான்தான் தேய்க்கச் சொன்னேன் என்று நானும் உடனே சொல்லவில்லை. சற்றுப் பொறுத்துச் சொன்னேன். அந்தச் சற்று நேரத்தை நான் இன்னும் கழிக்கவில்லை.

“மறுபடி எழுதிடலாம் பாட்டி, அதே மாதிரி” என்றான் பையன். நல்ல எண்ணத்தில்தான். பெயர் தெரியும், எழுதலாம். எண்? “ஏழு ஒண்ணு இருந்திச்சு. அதான் தெரியும்” என்றார். பிறகு, “பரவால்ல விடுங்க. பொட்டி நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

போட்டி நாள் மாதிரி வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அழகாக இருந்தது. பிரம்பு நாற்காலி, சின்ன டீப்பாய், தண்ணீர் புட்டியில் மணிபிளான்ட், அந்த வீட்டில் யாரும் படிக்காத நான்கு புத்தகங்கள் அடுக்கிய தட்டு. சன்னலோரத்தில் பெட்டி, மேலே கைத்தறித் துணி. பிளாஸ்டிக் குடங்கள், எரிவாயு அடுப்பு, சுருட்டிய பாய்கள், இட்லிக் குண்டான், பேரப்பிள்ளைகளின் பள்ளிப்பைகள் எல்லாம் மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் போட்டு மூடப்பட்டிருந்தன. அந்தத் தார்ப்பாய்க்குப் பக்கத்தில், கூட்டம் முடியட்டும் என்று, வீட்டுக்காரியான அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். நடுவர்களில் ஒருவர், இந்த வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று கேட்டார். ஆறு பேர் என்றாள் மாணவி. எங்கே படுப்பார்கள் என்று கேட்டார். தரையில், இந்த டீப்பாய் இருக்குமிடத்தில், என்று அவள் சொல்லிவிட்டு, சொன்னதைத் தானே கேட்டவள்போல நின்றாள். பரிசு கிடைக்கவில்லை.

அன்று மாலை அவளும் பையன்களும் சேர்ந்து எல்லாவற்றையும் பழையபடி எடுத்துவைத்தார்கள். டீப்பாயும் தட்டும் வேண்டாம், இடத்தை அடைக்கிறது என்று அந்த அம்மாள் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாற்காலியை மட்டும் வைத்துக்கொண்டார். காலையில் இட்லி வாங்க வருகிறவர்கள் உட்கார. கைத்தறித் துணியை மடித்து மாணவியிடம் தந்துவிட்டு, பெட்டியை இழுத்துவரச் சொல்லி, பழைய இடத்தில், அடுப்பருகே, போட்டார். அரிசியைக் கொட்டினார். பூச்சின்மேல் சூடான குண்டான் இறங்கியதும் வெள்ளை வளையம் விழுந்தது. அரக்குப் பூச்சு சூடு தாங்காது. அதற்கு முன்னால் அந்த மூடிக்குப் பூச்சே இல்லை, எதையும் தாங்கியிருக்கிறது.

சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரில் பழைய சோபா, மெத்தை, கட்டில் முதலியவற்றைச் சனிக்கிழமைகளில் வீடு தேடி வந்து பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அதன்பின் ஒரு சனிக்கிழமை அந்தப் பக்கம் போயிருந்தேன். கால்வாயோரம் வண்டி நின்றது. வெள்ளத்துக்குப் பிறகு வாங்கிய அலமாரிகளில் ஒன்று இரண்டு அதற்குள் உப்பி, அதில் ஏறிக்கொண்டிருந்தன. அந்த அம்மாள் வாசலில் நின்று, உள்ளே யாரும் நுழைந்துவிடாதபடி நிலையில் கை ஊன்றியிருந்தார். என்னைக் கண்டதும் கையை எடுத்து வழிவிட்டார்.

பெட்டியின் மூடியில், வளையங்களுக்கு நடுவே, வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இம்முறை கண்ணாடி போட்டிருந்தேன். பேரன் தப்பழிக்கும் வெள்ளை மையால் தன் பெயரையும் வகுப்பையும் பெரிதாக எழுதியிருந்தான். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் மடங்கியிருந்தது.

“திட்டலையாம்மா?” என்றேன்.

“உங்க பசங்க வந்தா அழிச்சிருவாங்க. அதுவரைக்கும் இருக்கட்டும் சார்” என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு இட்லி வைக்கட்டுமா என்று கேட்டார்.